றெமிஜியஸைப் பேச வைத்த யூஜினி

அருள்நாயகத்துக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன ஆறாம் நாள்தான் அவர் மனைவி யூஜினிக்கு உண்மை தெரிந்தது. அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரத்தில், மோர்னிங்சைட் பகுதியில் ஒரு மருந்துக்கடை. அங்கே வேலை செய்யும் துவாரகா, அருள்நாயகத்தின் அரசாங்க ஹெல்த் கார்ட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அன்ரி, அங்கிளுக்கு அறுபத்தேழு வயசு. அறுபத்தஞ்சு முடிஞ்ச அடுத்த மாசமே அரசாங்கத்தின்ர மருந்துத் திட்டம் துவங்கியிட்டுது. ஏன் இவ்வளவு நாளும் முழுக்காசு கட்டினனீங்கள்?"

"கார்ட்டைக் காட்ட வேண்டாமெண்டு றெமிஜியஸ் சொன்னவன்" என்றாள் யூஜினி.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் றெமிஜியஸ் அவர்களுடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்தவன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, "அரசாங்கத் திட்டம் வேற பிளான் இல்லாத சனத்துக்குத்தான். மருந்துக்கடையில ஹெல்த் கார்ட்டைக் காட்டாதேங்கோ" என்று சொல்லித் தன் பிளானுக்குக் கையெழுத்து வாங்கியவன். பிறகு கம்பனி, பிளான் எடுப்பதற்கு முன்பே இருந்த வருத்தத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று கையை விரித்தது. கட்டுபடியாகாமல் அருள்நாயகம் மனைவிக்கும் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் பிரஷர் குளிசை போட்டிருக்கிறார்.

யூஜினி அழவில்லை. றெமிஜியஸுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, என்ர சிநேகிதிகள் உங்கட பிளானைப் பற்றிக் கேக்கினம். கோயில் ஹோலுக்கு வந்து ஒருக்காப் பேசுங்கோவன்."

புதுக் கோட்டோடு வந்தான். நாற்பது முதியவர்கள் முன்னால் அதே பேச்சை ஒரு சொல் பிசகாமல் பேசினான். முடிந்ததும் பின்வரிசையிலிருந்த துவாரகா எழுந்து, அறுபத்தைந்து முடிந்த எல்லோருக்கும் அரசாங்கத் திட்டம் உண்டு என்ற சட்டத்தைச் சொன்னாள். பிறகு யூஜினி எழுந்தாள்.

"உவன்ர சொல்லைக் கேட்ட என்ர மனுசன் இப்ப தண்ணி கேக்கவும் ஏலாமல் கிடக்கிறார்."

"நானும் உவனிட்டத்தான் எடுத்தனான்!" என்று குலசிங்கம் என்ற கிழவர் கத்தினார். ஏஜென்ட்மாருக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்புக்கு எழுதிய முறைப்பாட்டில் பதினொரு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

ஐந்து மாதத்தில் றெமிஜியஸின் லைசென்ஸ் பறிபோனது. அடுத்த ஞாயிறு வாசலில் வந்து நின்றான்.

"அன்ரி, பிள்ளையள் சின்னன். மன்னிச்சிட்டம் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. அதைக் காட்டி லைசென்ஸைத் திருப்பிக் கேக்கலாம்."

யூஜினி அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சக்கர நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அவரிட்டக் கேள். ஓம் எண்டு வாயால சொன்னாரெண்டால் எழுதித் தாறன்."

றெமிஜியஸ் கேட்டான். அருள்நாயகத்தின் உதடு துடித்தது. சத்தம் வரவில்லை. யூஜினி அவசரப்படாமல் காத்து நின்றாள். அவன் தலை குனியும்வரை காத்து நின்றாள்.

"இனிப் போ."

கதவைச் சாத்திவிட்டு வந்தவளின் மணிக்கட்டை அருள்நாயகம் இடது கையால் இறுகப் பிடித்தார். போதும் என்கிறாரா, நல்லது செய்தாய் என்கிறாரா? அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.