ஏழாவது அடையாளம்

கூரை தேய்ந்துவிட்டதைக் கண்டுபிடிக்க ஏழு அடையாளங்கள் உண்டு என்று எங்கள் அத்தான், அக்காவின் கணவர், ஒரு துண்டறிக்கை அச்சடித்திருந்தார். தெருவின் வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். முப்பத்திரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஷிங்கிள் கூரை. தார்த் தகடுகளின் மேல் பொடிக்கல் ஒட்டி, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அறிக்கையின் முகப்பில் கூரையின் படம் சின்னதாகவும் அத்தானின் படம் பெரிதாகவும் இருந்தன.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூரைக்காரர் ஒருவர் வந்து அத்தான் வீட்டுக் கூரையைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். உடனே சங்கச் செயலாளர் 'சிறந்த பராமரிப்பு இல்லம்' என்ற தகரப் பலகையை வாசலில் மாட்டுவார். இந்த விருதை ஏற்படுத்தியவர் அத்தான். தேர்வுக் குழுவும் அவரே. போட்டி கடுமையாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், ஏழு அடையாளங்களும் அவர் வீட்டுக் கூரையிலேயே இருந்தன. ஊருக்கு எழுதிக் கொடுத்தவர் தன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை முழுக்க அத்தான் அறிக்கையோடு கீழே நின்றார், நான் ஏணியில் நின்றேன். அவர் ஒவ்வோர் அடையாளமாக வாசிக்க வாசிக்க, கூரையில் நான் அதை அழித்துக்கொண்டே போனேன். "ஓரத்து வடிகாலில் பொடிக்கல் உதிர்ந்து சேரும்" என்றார். இரண்டு வாளி அள்ளினேன். "ஓரங்கள் சுருளும்" என்றார். சுருண்டவற்றைத் தார்ப்பசை போட்டு ஒட்டி, மேலே செங்கல் வைத்து அழுத்தினேன். வழுக்கை விழுந்த இடங்களில் பசை தடவி, அள்ளிய பொடியையே திரும்பத் தூவினேன். மாடிப்படிக்கு மேலே உட்கூரையில் படர்ந்திருந்த பழுப்புக் கறைக்கு வெள்ளை பெயின்ட், இரண்டு பூச்சு. வேலை போய் எட்டு மாதமாக அக்கா வீட்டு மாடியறையில் கிடப்பவன் அத்தான் சொல்வதை ஆராய்ச்சி செய்ய முடியாது.

சாயங்காலம், கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே முழ உயரமே இருந்த பரணுக்குள் ஊர்ந்து போனேன். மாடிப்படிக்கு நேர்மேலே, ஷிங்கிளைத் தாங்கும் பலகையில் விரல் வைத்தேன். ஊறிய ரொட்டியில் போவது போல் விரல் உள்ளே போனது.

"அத்தான், படிக்கு மேல பலகை உளுத்துப்போச்சு. விரலை வெச்சா உள்ள போகுது."

"உன்னை யாரு விரலை வெக்கச் சொன்னா?"

"நாளைக்கு அந்தாளு காலை வெப்பாரே! விழுந்தா நேரா மாடிப்படிதான். கழுத்து முறிஞ்சிடும்."

அத்தான் அறிக்கையைப் பார்த்தார். ஏழாவது அடையாளம்: மிதித்தால் அமுங்கும். அதற்கு மட்டும் பெயின்ட் விற்பதில்லை.

"அவ்வளவு தூரம் போகமாட்டார். முன்பக்கம் நாலு தகட்டைப் பார்த்துட்டு இறங்கிடுவார். நீ ஏணியைப் பிடி, வாயை மூடிட்டு இரு." அறிக்கையை மடித்தார். "மாடியறை உனக்கு வசதியாத்தானே இருக்கு?"

கூரைக்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை. வந்ததும், "பரணை முதல்ல பார்த்துடலாம் சார்" என்றார்.

"பரண் கதவு இறுகிப்போச்சு" என்றார் அத்தான். "கூரையே பேசும், ஏறிப் பாருங்க."

அவர் ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் செயலாளரும் உறுப்பினர்கள் மூவரும் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டால் அத்தானுக்கு நாக்கு நிற்காது, அறிக்கையைப் பிரித்து விளக்கவுரை ஆரம்பித்துவிட்டார்.

"வடிகால் ரொம்பச் சுத்தமா இருக்கே!" மேலிருந்து குரல் வந்தது.

"ஒழுக்கம் வேணும் இல்லையா?" என்றார் அத்தான், உறுப்பினர்களைப் பார்த்து.

கூரைக்காரர் முன்பக்கத்தில் நாலு தகடு பார்த்தார். இறங்கவில்லை. முகட்டை நோக்கி நடந்தார். படிக்கு மேலிருக்கும் இடத்துக்கு இன்னும் ஆறேழு எட்டு வைத்தால் போதும்.

"அண்ணே, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. இறங்கிடுங்க!"

"ஒண்ணும் இல்லைன்னு பார்க்கத்தானேப்பா வந்திருக்கேன்."

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் என் பெட்டி படுக்கை தெருவில் கிடந்தது.

"ஐந்தாவது, ஆணித்தலை மேலே எழும்பும்..." அத்தானின் குரல் மெல்ல இறங்கியது. அவரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு எட்டு. "ஆறாவது, உட்கூரையில் கறை படரும்..." இரண்டு எட்டு.

"ஏழாவது என்ன தலைவரே?" என்றார் செயலாளர்.

அத்தான் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இருபது வருடமாக அவரை அறிவேன், பேச்சு பாதியில் நின்று அன்றுதான் பார்த்தேன்.

கூரைக்காரர் காலைத் தூக்கினார்.

"மிதிக்காதீங்க! பலகை செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

அவர் பின்னங்காலுக்குப் பாரத்தை இழுத்தார். முன்னங்கால் லேசாகத்தான் பட்டது. நான் ஒட்டிய தகடு பசையோடு வழுக்க, மளுக்கென்று ஒரு சத்தம், அந்தக் கால் உட்கூரையையும் பொத்துக்கொண்டு தொடை வரை உள்ளே போய்விட்டது. மற்ற கால் மடங்கி மேலேயே தங்கியது.

வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல்: "என்னங்க! மேலேர்ந்து ஒரு கால் தொங்குது! யாரோடது?"

நேற்று பரணில் ஊர்ந்துபோக எடுத்து, ஏணியருகே போட்டிருந்த நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் தாவினேன்.

"நீ கிட்ட வராதே! பலகையை மட்டும் தள்ளு!" என்றார் கூரைக்காரர். கர்ரென்று இன்னொரு விரிசல் ஓடியது. தள்ளினேன். எட்டவில்லை. கூரை விளிம்பில் குப்புறப் படுத்து மறுபடி தள்ளினேன். அவர் அதன்மேல் நெஞ்சைச் சாய்த்து, கையை விரித்து, மூச்சை அடக்கி, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாகக் காலை உருவினார்.

கீழே இறங்கியபோது அவர் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அக்கா தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் தார்ப்பசை.

"நீதான் ஒட்டினியா?"

"ஆமாண்ணே."

"நல்லா ஒட்டியிருக்கே" என்றார். அடித்திருந்தால் தேவலை.

அதற்குள் அத்தானுக்குக் குரல் திரும்பிவிட்டது. தொண்டையைச் செருமினார். "இதுதான் ஏழாவது அடையாளம். செய்முறை விளக்கத்துக்காகத்தான் இத்தனை நாள் பழுது பார்க்காம வெச்சிருந்தேன்."

யாரும் கைதட்டவில்லை. முதல் மழைத்துளி அவர் அறிக்கையில் விழுந்தது.

"ஓட்டையை மூடணும். தகரம் ஏதாவது இருக்கா?" என்றார் கூரைக்காரர்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. செயலாளரின் கையிலிருந்த விருதுத் தகரப் பலகையை வாங்கி என்னிடம் நீட்டினாள். "போடா, பார்த்துப் போ."

"எழுத்து மேல தெரியற மாதிரி வை" என்றார் அத்தான்.

"பெயின்ட் பக்கம் கீழே இருக்கட்டும்" என்றார் கூரைக்காரர். "மழையில கரையாது."

இன்னும் நான் மாடியறையில்தான் இருக்கிறேன், அக்கா புண்ணியத்தில். படியேறும்போது அண்ணாந்தால், ஓட்டை வழியாக 'சிறந்த பராமரி' வரைக்கும் தெரிகிறது. அத்தான் மட்டும் இப்போதெல்லாம் படியைப் பார்த்தே ஏறுகிறார்.