உறை போட்ட கம்பு

கார்த்திகை பிறந்ததோடு மழை நின்றுபோன வருஷம் அது. ஊர்க்காவலனின் கம்பு பால் பிடிக்காமலே காய்ந்தது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுக்கப் போனவன், நடுக்காட்டில் ஒரு தூரில் மட்டும் மணி முற்றிக் கனத்திருப்பதைப் பார்த்தான். மற்றவை பூவெடுக்கும் முன்பே அது பூத்துக் காய்த்து, ஈரம் இருந்தபோதே தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது.

கதிரை ஒடித்து மடியில் கட்டினான். இந்தக் கம்பு காடு நிறைய நின்றால், மழை ஏமாற்றினாலும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. பெண்டாட்டி சின்னத்தாய் கருக்கலில் எழுந்து தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்க ஓட வேண்டியதில்லை.

அடுத்த புரட்டாசியில் அந்த மணிகளைத் தனியாக விதைத்தான். பாதிதான் சீக்கிரம் விளைந்தது. மீதி பிந்தியது, கதிரில் மீசை நீண்டிருந்தது. அவன் காட்டில் மீசைக் கம்பு கிடையாது. பக்கத்துப் புஞ்சையில்தான் உண்டு. அது குருவம்மாளுடையது. செத்துப்போன பங்காளியின் மனைவி, அவனுக்கு மதினி முறை.

மறு வருஷம் பூவெடுக்கும் நாளில் விடிந்ததும் போய் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்தான். வாடைக்காற்று அடிக்க அடிக்க, குருவம்மாள் காட்டிலிருந்து மஞ்சள் தூசி புகை மாதிரி கிளம்பி வந்து தன் கதிர்களில் படிவதைக் கண்டான். யாரும் சொல்லித் தரவில்லை. கலப்பு இந்தத் தூசியால்தான் என்று அவனுக்கே விளங்கிவிட்டது.

சிவகாசிக்குப் போய், அச்சாபீசில் வீணாய்ப்போன காலண்டர் தாளை எடைக்கு வாங்கி வந்தான். பசை தடவிப் பை ஒட்டினான். கதிர் தலைநீட்டியதும் பையை மாட்டி, அடியில் நாரால் கட்டினான். மழையில் நைந்தால் வேறு மாட்டினான். காட்டில் முருகனும் லட்சுமியும் பாதி முகத்தோடு நின்றார்கள்.

"கொளுந்தனாரே, கம்புக்கெல்லாம் சட்டை தைக்கிறீக. எம் மக சுப்புலட்சுமிக்கு ஒண்ணு தைச்சுக் குடுங்களேன்" என்றாள் குருவம்மாள், வரப்பில் நின்று.

"உங்க காட்டுத் தூசிதான் மதினி எம் பொளப்பைக் கெடுக்குது."

"ஆமா, அம்புட்டுத் தூசியையும் நாந்தான் முந்தானையில கட்டிவச்சு ஊதி விடுதேன்."

உறை போட்ட கதிரை மட்டும் விதைக்கு எடுத்தான். உறை போடாததெல்லாம் கூழுக்கு. அறுப்புக்கு வந்த குருவம்மாளுக்கும் அதில்தான் கூலி அளந்தான். மணி பெரிது, அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

"இதுல ஒரு படி விதைக்குப் போட்டுக்கிடுதேன் கொளுந்தனாரே. எனக்கும் சீக்கிரம் வெளைஞ்சா, பிள்ளைய ஆபீசுக்கு அனுப்பாம வச்சிருப்பேன்."

"இது கலப்பு மதினி. இன்னும் சுத்தமாகல. இதை விதைச்சு, அந்தத் தூசி இங்கன வந்துச்சுன்னா எல்லாம் பாழ். ஆக்கித் தின்னுங்க. விதைச்சிராதீக. சுத்தமானதும் நானே கொண்டாந்து தாரேன்."

"எப்ப ஆகும்?"

"அடுத்த வருசம்."

அடுத்த வருஷமும் அதையே சொன்னான். அதற்கடுத்த வருஷமும். இடையில் ஒரு மழை பொய்த்தது. குருவம்மாள் கம்பு கருகியது. சுப்புலட்சுமி சின்னத்தாயோடு சேர்ந்து ஆபீசுக்கு நடந்தாள். ஊர்க்காவலன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சுத்தமானதும் கொடுத்துவிடலாம் என்றிருந்தான்.

சுத்தமாகத்தான் ஆனது. காடு முழுக்க ஒரே நாளில் பூத்தது, ஒரே நாளில் முற்றியது. மீசை ஒன்றுகூட இல்லை. ஆனால் வருஷத்துக்கு வருஷம் பயிர் குறுகியது. இடுப்புக்கு நின்றது முழங்காலுக்கு வந்தது. கதிர் விரல் மாதிரி மெலிந்து, பாதி பொக்காகியது. எரு போதவில்லை என்று நினைத்தான். ஆட்டுக் கிடை போட்டான். குறுகுவது நிற்கவில்லை. இதை எப்படி மதினிக்குக் கொடுப்பது என்று தள்ளிப்போட்டான்.

ஒரு கதிரின் உறையைக் காற்று கிழித்திருந்தது. கிழிந்தது கிழிந்ததுதானே என்று அந்த மணிகளை ஒரு வரிசையில் விதைத்துப் பார்த்தான். அந்த வரிசை மட்டும் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அதை மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பக்கத்துக் காட்டுத் தூசி பட்டது ஓங்கி நிற்கிறது. தூசி படாமல் காத்தது சூம்பிப் போயிருக்கிறது. கெடுத்தது உறைதான். வரிசையும் நிலைக்கவில்லை. மீசைக் கம்பின் பிள்ளையாயிற்றே, பிந்தியது. மழை நின்றதும் பால் பிடிக்காமல் கருகியது.

சீக்கிரமும் விளைந்து, திடமாகவும் நின்றது முதல் வருஷங்களின் கலப்புக் கம்புதான். வீட்டில் தானியம் போட்டுவைக்கும் குலுக்கையின் அடிவாயைத் திறந்து தட்டினான். தூசிதான் கொட்டியது. மதினி பேச்சு மீறி ஒரு படியாவது விதைத்திருக்கக் கூடாதா, அதன் வழி ஏதாவது அவள் வீட்டில் மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையோடு போனான்.

குருவம்மாள் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் புஞ்சை தரிசாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"வாங்க. என்ன மூஞ்சி இப்படி இருக்கு?"

"மதினி, உள்ளதச் சொல்லுங்க. கோவிக்க மாட்டேன். நான் கூலிக்கு அளந்த கம்பை எப்பவாச்சும் களவா விதைச்சீகளா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நீங்க வேண்டாம்னு சொன்னதை நான் ஏன் விதைக்கேன்? அம்புட்டுக் கேவலமாவா போயிட்டேன்?"

"ஒரு கதிர்கூடவா?"

"ஒரு தடவை விதைக்குன்னு சட்டியில எடுத்துத்தான் வச்சேன். பொறவு உங்க காட்டுக்கு ஆகாதுன்னீகளேன்னு அதையும் குத்தி ஆக்கிட்டேன்." அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஏன், என்னாச்சு?"

சொன்னான். உறை, தூசி, கிழிந்த பை, ஆள் உயர வரிசை எல்லாம் சொன்னான். அவள் கை நிற்காமல் கேட்டாள்.

"அப்ப நான் களவாண்டிருக்கணும்ங்கிறீக."

"விதைச்சிருந்தீகன்னா, நான் உங்க காட்டுல எறங்கி அம்புட்டையும் பிடுங்கி எறிஞ்சிருப்பேன் மதினி."

"தெரியும். அதான் விதைக்கல."

பசைக் கிண்ணத்தில் விரலை முக்கி, அடுத்த கூட்டை மடித்தாள்.