புல்லட்டின் நிழல்

எல்லையில் சண்டை தொடங்கியதும் செல்வகுமாரின் படைப்பிரிவில் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை மூன்று நிமிடம் பேசலாம். தபால் மட்டும் தடையில்லாமல் போனது. அதனால் திண்டிவனத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்த அவன் மனைவி சங்கவி, அஞ்சலட்டைகளில் ஊரை வரைந்து அனுப்பத் தொடங்கினாள். வெயிலில் மினுங்கும் கிடங்கல் ஏரி, வேர்க்கடலை மூட்டை ஏறும் லாரி, விழுப்புரம் பஸ்சுக்கு வியர்த்து வழிந்து நிற்கும் கூட்டம்.

அவன் கேட்டது ஒன்றுதான்: எல்லாப் படத்திலும் ஓர் ஓரமாக அவனுடைய புல்லட் பைக் நிற்க வேண்டும். கிளம்பும்போதே, "அதுமேல மட்டும் கை வெக்காத" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சங்கவி கை வைத்தாள். தெருமுனைவரை ஓட்டிப் பார்க்கப் போனவள், நேரே கரும்புச்சாறு வண்டியில் கொண்டுபோய் விட்டாள். புல்லட்டின் இடப்பக்கக் கண்ணாடி தூள்தூளானது. அவளுடைய இடது முழங்கையில் நான்கு தையல்.

"புள்ள துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்கிறான். இத்த சொல்லி பேஜாரு பண்ணாத" என்றாள் மாமியார் அஞ்சம்மாள். "நீதான் படம் போடறவளாச்சே. கண்ணாடிய நீயே மாட்டி வுடு."

சித்திரை மாதக் காலை வெயிலில் வண்டியை வாசலில் நிறுத்தி, எதிரே உட்கார்ந்து வரைந்தாள். இல்லாத கண்ணாடியை இருக்கும் கண்ணாடியைவிடப் பளபளப்பாகப் போட்டாள். கடைசியில், தரையில் நீண்டு கிடந்த நிழலைப் பார்த்துப் பார்த்து ஒரு கோடு பிசகாமல் தீட்டினாள்.

படம் போய்ச் சேர்ந்த வாரத்தில் அழைப்பு வந்தது.

"படம் வந்துச்சா மாமா?"

"வந்துச்சு. எங்க ஆளுங்க எல்லாம் பாத்தானுங்க. வண்டிக்கு ரெண்டு கண்ணாடி இருக்குது."

"ரெண்டுதானே இருக்கும்?"

"நிழலுக்கு ஒண்ணுதாண்டி இருக்குது."

சங்கவி வாசலில் நின்ற புல்லட்டை எட்டிப் பார்த்தாள்.

"வண்டிய மறைக்கிறவன் மொதல்ல நிழல மறைக்கணும்னு இங்க தெனம் பாடம் எடுக்கறாங்க. எங்கிட்டயே வர்றியா? எத்த இடிச்ச?"

"கரும்புச்சாறு வண்டிய."

மறுமுனையில் ஏழெட்டுப் பேர் சிரிப்பது கேட்டது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"வண்டி கெடக்குது. உனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல மாமா." கட்டுப் போட்ட கையை, அவன் பார்த்துவிடுவான் போல, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நம்ப மாட்டேன். அடுத்த படத்துல நீ நில்லு. நிழலோட."

மூன்று நிமிடம் முடிந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் சங்கவி தன்னையே பார்த்து வரைய நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"மண்டைய பொளக்குற வெயில்ல எங்கடி போற?" என்று உள்ளிருந்து கத்தினாள் அஞ்சம்மாள்.

"இப்பதான் நிழல் இருக்காது அத்த."

படத்தில் அவள் கட்டில்லாத இரண்டு கையையும் வீசிக்கொண்டு சிரித்தாள். காலடியில் ஒரு பொட்டு அளவுக்கு நிழல் கிடந்தது.