அருவிக்குத் தைத்த திரை

ஷமீம் பானுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்காருகிறாள், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறாள், திரும்ப வந்து அந்த வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்க்கிறாள். மகள் ஜுஹைனாவின் பள்ளி நாடகத்துக்கான திரை அது. மேலகரத்துப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவளை ஒரு திரை இந்தப் பாடு படுத்தும் என்று யார் கண்டது?

குற்றாலத்து அருவியில் திடீர் வெள்ளம் வருவதுதான் நாடகம். அருவி மேடையில் விழ வேண்டும். முன்னாலிருந்து படம் போட்டால் பிள்ளைகளின் நிழல் அருவி மேல் விழுகிறது என்று, புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைக்க முடிவு செய்தார் ஜெயபிரியா டீச்சர். அன்று தொடங்கியது தலைவலி. வேட்டியைக் கட்டினால் பல்பு அதன் ஊடாக முழித்துப் பார்த்தது. டிரேசிங் பேப்பர் ஒட்டின இடமெல்லாம் கோடு காட்டியது. நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த பாலித்தீன் ஃபேன் காற்றில் படபடத்து வசனத்தையே முழுங்கிவிட்டது. பாப்ளினில் அருவி காய்ச்சல்காரன் மாதிரி சோர்ந்து கிடந்தது. கடைசியில் தென்காசிக் கடை ஒன்றில் பால்வெள்ளை நைலான் அகப்பட, மூட்டுத் தையல் நடுவில் வராமல் ஷமீம் தைத்துக் கொடுத்தாள். டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று பார்த்தார்.

"ஷமீமக்கா, அருவி கண்ணுல அடிக்கு. இதான் வேணும்."

எல்லாருக்கும் சந்தோஷம். ஷமீம் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். போனில் அருவி வெள்ளைத் தகடாக எரிந்தது. அதற்கு முன்னால் நின்ற ஜுஹைனா வெறும் கரிக்கட்டை. மூக்குமில்லை, முழியுமில்லை.

அந்தப் போன் வழியாகத்தான் ஜுஹைனாவின் வாப்பா கிதிர் முகம்மது பார்க்கப்போகிறார். சவுதியில், தம்மாமில் வேலை. மகள் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஒரு ஆண்டு விழாவுக்கும் வர வாய்த்ததில்லை, இந்த முறையும் லீவு இல்லை. "அவ மேடையில நிக்கத ஒரு தரம் பாத்துக்கிடுதேன் ஷமீமு, ஃபோர்மேன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றிருந்தார். அந்தப் பள்ளியில் பாதி வாப்பாமார் அப்படித்தான் ஆண்டு விழா பார்க்கிறார்கள்.

பிள்ளைகள் முகத்துக்கு ஒரு லைட் போடச் சொல்லி டீச்சரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"முன்னால லைட்டப் போட்டா அருவி வெளுத்துருதுக்கா. ஒரு போனுக்காவ மொத்த ஹாலுக்கும் படத்தக் கெடுக்க முடியுமா?"

நியாயம்தான். நியாயம் யாருக்கு வேண்டும்? பாப்ளின் பின்வெளிச்சத்தை அமுக்கிவிடும், அது கட்டியிருந்த அன்று எடுத்த போட்டோவில் மகளின் பல் வரிசைகூடத் துலக்கமாக இருந்தது. ஓரம் மடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்த திரையின் பின்பக்கம், கழித்துப்போட்ட அதே பாப்ளினை வைத்து, இழுத்தால் பிரிந்துவிடுகிற மாதிரி பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுவிட்டாள். விழா அன்று அவளே போய்க் கட்டினாள். ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஹாலில் விளக்குகள் அணைந்தன. அருவி விழுந்தது என்று சொன்னால் பொய், கசிந்தது.

"பல்பு போச்சோ?" என்றார் பின்வரிசை அண்ணாச்சி ஒருவர். டீச்சர் புரொஜெக்டரை நோக்கி ஓடினார். ஷமீம் வீடியோ காலில் அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். மறுபடியும் எடுக்கவில்லை.

மேடையில் ஜுஹைனா காவலுக்கு நிற்கும் பெண். வெள்ளை அருவி செம்மண் நிறமாக மாறியதும் குளிக்கிற சனத்தை அவள் விரட்ட வேண்டும். நிறம் மாறத்தான் செய்தது, அந்த மங்கலில் யாருக்கும் தெரியவில்லை.

"தண்ணி நெறம் மாறுது, எல்லாரும் ஏறுங்க."

"எந்தத் தண்ணி?" என்று ஒரு குரல் கேட்க, ஹாலே சிரித்தது. ஜுஹைனா திரும்பி அருவியைப் பார்த்தாள். அவள் வாய் கோணிக்கொண்டு போனது.

வாப்பாவும் பார்க்கவில்லை, ஊரும் பார்க்கவில்லை, பெற்ற பிள்ளையை நானே நாலு பேர் சிரிக்க நிறுத்திவிட்டேனே என்று ஷமீம் மேடைக்குப் பின்னால் ஓடினாள். நிழல் விழாமல் ஓரமாகக் குனிந்து, பாப்ளினை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நூல் தெறித்துத் துணி அவள் மேல் சரிந்தது. டீச்சர் அவளையும் துணியையும் பார்த்தார்.

செம்மண் வெள்ளம் திரை முழுக்க இறங்கியது. ஹாலில் சிரிப்பு நின்றது. ஜுஹைனா இன்னொரு தரம் கத்தினாள், இந்த முறை அடிவயிற்றிலிருந்து. முன்னால் தரையில் இருந்த சின்னப் பிள்ளைகள் காலை இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

அப்போது பார்த்து போன் அதிர்ந்தது. தலையில் ஹெல்மெட்டோடு கிதிர் முகம்மது. ஷமீம் மேடையோரமாக வந்து போனைத் திருப்பிப் பிடித்தாள். எரிகிற சிவப்பு, அதற்கு முன்னால் ஏழெட்டுக் கரிக்கட்டைகள்.

"என்னங்க, மூஞ்சி தெரியாது. பின்னால லைட்டு அடிக்கு. நான் என்னென்னமோ செஞ்சி பாத்தேன்."

"மூஞ்சி எதுக்கு? அந்த எடது பக்கம், ஒத்தக் கையி இடுப்புல, நம்ம புள்ளல்லா? வேற எவ அப்படி நிப்பா, ஒன்னய மாரி?"

இடுப்பிலிருந்த தன் கையைச் சட்டென்று எடுத்தாள் ஷமீம், போன் ஆடியது.

"ஏ புள்ள, போன ஆட்டாத" என்றார் கிதிர் முகம்மது. "நான் பாக்கணும்."