கட்டிலுக்கு மயில் கிராதி

ராஜபாளையம் நகரத்துப் பெருமக்கள், சுற்றுவட்டாரப் பொதுமக்கள், மேலேயிருந்து வேடிக்கை பார்க்கும் தேவாதி தேவர்கள் ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கும் பணிவுடன் கொண்டுவரப்படுவது என்னவென்றால்: 1991ஆம் வருஷம் மாசி மாதக் கடைசியில், பஞ்சு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற மாரிச்சாமி, தமது கட்டிலிலிருந்து தரைக்கு வந்து சேர்ந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறு சேதாரம் இல்லை. ஆனால் விழுந்தது யாருடைய அப்பா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

மகன் சௌந்தரபாண்டியன் பேண்டேஜ் துணி வியாபாரி. காயத்துக்குச் சுற்றுகிற துணியைப் பேல் பேலாக மதராசுக்கு அனுப்புகிறவர். அதனால் தம்மை முக்கால் டாக்டர் என்று நினைத்திருந்தார். "நாங்க மெடிக்கல் லைன்" என்பார். எதிரே வருகிறவன் தும்மினால் நிறுத்திவைத்து மருந்து சொல்லுவார். போதாததற்கு மூத்தோர் நலப் பேரவை என்று ஒன்றைத் தொடங்கி அதற்குத் தலைவராகவும் இருந்தார். பேரவைக் கூட்டம் மாதாமாதம் அவரது கம்பெனி மொட்டைமாடியில் நடக்கும். மாடிப்படி செங்குத்து என்பதால் மூத்தோர் யாரும் வந்ததில்லை.

கிழவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் இரண்டும் பேருக்குத்தான் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கம் திடமாக இருந்தது. அந்த வலது பக்கத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் அவர் செய்துவந்த ஒரே காரியம், யாரையும் கூப்பிடாமல் எழுந்து, எதிர்ப்பக்கம் இருந்த கக்கூசுக்குப் போய்த் திரும்புவது. மில்லில் முந்நூறு பேரை அதட்டியவருக்கு மிச்சமிருந்த அதிகாரம் அவ்வளவுதான். அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராயில்லை.

இதற்கு வழி பண்ணிக் கொடுத்தவள் மருமகள் பரிபூரணம். கட்டிலோரம் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு, அது நகராமலிருக்க அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றிவைத்திருந்தாள். கிழவர் வலது கையால் நாற்காலி முதுகைப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, எழுந்துவிடுவார். இதைப் பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூத்திரச் சட்டி எடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. அவள் கையில் சட்டியைக் கொடுக்க அவருக்கும் இஷ்டமில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் எதிரிகளான மாமனாரும் மருமகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

விழுந்ததற்குக் காரணமும் லேசானது. மாசக் கடைசி. மூட்டையில் அரிசி குறைந்துபோயிருந்தது. நாற்காலி கனமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, அவரும் கூடவே போனார்.

"அரிசிக்குப் பதிலா மணல் மூட்டை வச்சா முடிஞ்சு போச்சு" என்றாள் பரிபூரணம். "மணலு மாசக் கடைசியில குறையாதுல்லா."

சௌந்தரபாண்டியன் நாற்காலியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கடைசியில் அப்பாவையும் பார்த்தார்.

"பேரவைத் தலைவரோட தகப்பனாரு மணல் மூட்டையப் பிடிச்சு எந்திரிக்கிறாருன்னு வெளிய தெரிஞ்சா எம்புட்டுக் கேவலம்? சீமையில இதுக்குன்னு கட்டிலுக்குக் கம்பி வைக்கான். சேஃப்டி ரெயில்னு பேரு. முறையாத் தேர்வு பண்ணுவோம்."

தேர்வு ஆரம்பித்தது. மதுரையில் ஒரு கடையில் மடக்கி இறக்குகிற கம்பி வைத்த கட்டில் இருந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று தள்ளினார். வீட்டில் நோயாளி இருக்கிற மாதிரி தெரியுமாம். தச்சாசாரி வேங்கை மரத்தில் செய்து தருகிறேன் என்றார். மரம் பழைய பாணி என்று அதையும் தள்ளினார்.

"ஏலே சௌந்தரம்" என்றார் கிழவர். "ரயில் பெட்டி வாசல்ல ஏறுறதுக்கு ஒரு கம்பி இருக்கும்லா. அத மாதிரி ஒண்ண இந்த இடத்துல நட்டு வையி. கைக்கு ஒரு பிடி, அம்புட்டுதான் எனக்கு வேணும்."

"ரயில்ல டிக்கெட் இல்லாம போறவனும் அந்தக் கம்பியத்தான் பிடிக்கான். நீங்க சும்மா இருங்கய்யா. எனக்குத் தெரியும்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜமால் முகமது வந்தார். இரும்பு கேட்டு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் வெல்டிங் பண்ணுகிறவர். கையில் டேப்பும் டிசைன் ஆல்பமும் இருந்தன. டேப்பை மேசைமேல் வைத்துவிட்டு ஆல்பத்தை விரித்தார்.

"அண்ணாச்சி, மயில் இருக்கு, அன்னம் இருக்கு, சூரியன் உதிக்கிறது இருக்கு. அன்னம் கல்யாண மண்டபத்துக்காரங்க எடுப்பாங்க. உங்க தகுதிக்கு மயிலு."

"தோகை விரிச்சதா, விரிக்காததா?"

"விரிச்சதுதான். நடுவுல தகடு வச்சுப் பேரு போட எடம் வரும்."

சௌந்தரபாண்டியன் முகம் மலர்ந்துவிட்டது. பெயர் எழுத இடமில்லாத பொருளை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. வ. புதுப்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பெஞ்சு கொடுத்தபோது, பெயின்ட் காய்வதற்குள் திறப்புவிழா நடத்தியதில், உட்கார்ந்து எழுந்த அத்தனை பேர் வேட்டியிலும் அவர் பெயர் தலைகீழாக ஊருக்குள் போனது. அதை அவர் விளம்பரம் என்றே எடுத்துக்கொண்டார்.

"போல்ட்டு போட்டுத்தாரேன். வேணும்போது கழட்டிக்கலாம்" என்றார் ஜமால்.

"கழட்டுறதா? கட்டிலோட சேத்து வெல்டிங் அடிங்க பாய். எங்க ஐயா இருக்கிற காலம் மட்டுக்கும் நிக்கணும்."

"மயில் மூக்கு கைய குத்தாம பாத்துக்கோங்க" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எது எப்படியோ, வந்து இறங்கிய கிராதி உறுதியாகத்தான் இருந்தது. கட்டில் கிழக்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. திறந்த பக்கத்தில், கிழவரின் வலது கைக்கு நேராக, மயில் தோகை விரித்து நின்றது. தகட்டில் மஞ்சள் எழுத்தில் 'உபயம்: சௌந்தரபாண்டியன், தலைவர், மூத்தோர் நலப் பேரவை' என்று இருந்தது. கிழவர் மயிலின் கழுத்தைப் பிடித்து எழுந்து பார்த்தார். எழ முடிந்தது. இன்னொரு தடவை எழுந்து பார்த்தார். மகனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. கட்டிலுக்கு ரிப்பன் கட்டினார்கள். இடத்தை அடைக்கிறது என்று இரும்பு நாற்காலியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து இருளப்பசாமி. ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க், மனையடி சாஸ்திரத்தில் கரை கண்டவர் என்று அவரே சொல்லுவார். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் திசை காட்டும் பெட்டி வைத்திருப்பார்.

ரிப்பனை வெட்டினார். கை தட்டினார்கள். கிழவரை மயிலைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இருளப்பசாமி பெட்டியை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பெரியவரு தலை எந்தப் பக்கம் இருக்கு?"

"பாத்தாத் தெரியலியா சார்" என்றார் கிழவர்.

"வடக்க. சுத்த வடக்க. உயிரோட இருக்கிற மனுசன் வடக்க தலை வச்சுப் படுக்கலாமா? பக்கவாதம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. வருஷக்கணக்காக அவர் அப்படித்தான் படுக்கிறார் என்பதோ, பக்கவாதம் அவருக்கு மில் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது வந்தது என்பதோ யாருக்கும் தேவைப்படவில்லை. சௌந்தரபாண்டியனுக்கு வியர்த்தது. தலைவர் வீட்டில் இப்படி ஒரு பிழை, அதுவும் விருந்தினர் முன்னால்.

"தலையணைய இந்தப் பக்கம் மாத்திப் போட்டுட்டாப் போச்சு" என்றாள் பரிபூரணம்.

"கட்டிலுக்குத் தலைமாடுன்னு ஒரு பக்கம் உசத்தி எதுக்கு வச்சிருக்கான்? கால்மாட்டுல தலை வைக்கிறது பொணத்துக்கே ஆகாதும்மா. கட்டில அப்படியே திருப்புங்க. நேரம் நல்லாருக்கு."

நாலு பேர் நாலு காலையும் பிடித்தார்கள். இறக்கிவிட்டுத் தூக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கட்டில் எழும்பியது, கிழவரோடு.

"ஏலே, எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்றார் அவர், மேலேயிருந்து. "இதுக்குன்னு ஒரு நாள் வரும், அன்னைக்குத் தூக்குங்கலே."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் தமாஷ் பேர்வழி என்றார்கள். கட்டிலைத் தலைகால் மாற்றித் திருப்பி, அதே சுவரோடு ஒட்டி இறக்கினார்கள்.

இறக்கிய பிறகு நிலவரம் இது. செத்த கைப் பக்கம் திறந்த தரை. நல்ல கைப் பக்கம் மயில். மயிலுக்குப் பின்னால் சுவர்.

பரிபூரணம் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது. சௌந்தரபாண்டியன் மட்டும் ஒரு கணம் தடுமாறி, பேச்சாளர் ஆனதால் உடனே எழுந்துகொண்டார்.

"இனிமே ஐயா இந்தப் பக்கம் விழ முடியுமா? முடியாது. சுவருக்குச் சுவர், கிராதிக்குக் கிராதி. இரட்டைப் பாதுகாப்பு."

கை தட்டல் பலமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கிழவர் மகனைக் கூப்பிட்டார். அவர் கெஞ்சி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் அது கெஞ்சல் மாதிரி இல்லை, மில்லில் மெஷின் கோளாறு சொல்லுகிற மாதிரிதான் இருந்தது.

"திருப்பி வையிலே. இல்ல, அந்த நாற்காலியக் கொண்டா. என்னால எந்திரிக்க ஏலாது."

"கிராதி இருக்கிற வீட்டுல நாற்காலியா? வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கூட்டம். மூத்தோர் பாதுகாப்புன்னு நான் பேசுறேன். முடிஞ்சதும் பத்திரிகைக்காரரு வீட்டுக்கு வந்து போட்டோ எடுப்பாரு. அது முடியட்டும். பொறவு அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு அடிச்சிருவோம். அன்னம் வச்சு."

"அதுவரைக்கும்?"

"பரிபூரணம் இருக்கால்லா."

வெள்ளிக்கிழமை வரை பரிபூரணம் இருந்தாள். தோள் கொடுத்துத் தூக்கினாள், முதுகு வலிக்க வைதாள், திரும்பவும் தூக்கினாள். அவரும் பதிலுக்கு அவள் வைத்த குழம்பை வைதார். மணலுக்குச் சொல்லிவைத்திருந்தாள், சனிக்கிழமை வரும் என்றிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மேடையில் தலைவர் பக்கத்தில் துணைவியார் உட்கார வேண்டும் என்பது தலைவர் உத்தரவு.

"எம்மாடி, மகாலட்சுமியே நேர்ல வந்துட்டா" என்றார் கிழவர்.

"கேலி பண்ணாதிய மாமா. எனக்கு மட்டும் ஆசையா? செத்த நேரந்தான், வந்துருவேன்." முக்காலியில் மூத்திரச் சட்டியை வைத்துக் கட்டிலோரம் தள்ளினாள். "முடியலைன்னா இதுல போங்க. யாரும் பாக்கப் போறதில்ல."

"எடுத்துட்டுப் போ."

"சொன்னாக் கேளுங்க."

"எடுத்துட்டுப் போன்னேன்."

அவள் எடுக்கவில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

கிழவர் பொறுத்தார். வீட்டில் சத்தமே இல்லை. கக்கூஸ் கதவு எதிரே, நன்றாகத் தெரிகிற மாதிரி திறந்திருந்தது. சட்டியும் நன்றாகத் தெரிந்தது. வலது கையால் மயிலைப் பிடித்துப் பார்த்தார். நன்றாகப் பிடி கிடைத்தது. பிடித்து இழுத்தால் சுவர்தான் கிட்டே வந்தது. கையை விட்டார். உடம்பை இடது பக்கம் புரட்டி, வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, முக்காலியின் விளிம்பைத் தொட்டார். முக்காலியில் அரிசியும் இல்லை, மணலும் இல்லை.

அதே நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் சௌந்தரபாண்டியன், பெற்றவர்களைக் கைப்பிடித்து நடத்துவதன் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கையில் மைக் இருந்தது. பரிபூரணம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவரின் துணைவியார் அடக்கமானவர் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பால்கோவாப் பெட்டி கொடுத்தார்கள்.

வீடு திரும்பியபோது கிழவர் தரையில், சட்டிக்குப் பக்கத்தில், நனைந்த வேட்டியோடு, கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். கூடவே வந்த பத்திரிகைக்காரர் மரியாதையாகக் காமிராவை மூடிக்கொண்டார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இந்த வயதில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முக்கால் டாக்டரும் அதை ஆமோதித்தார்.

கட்டுப் போடத் துணிக்குப் பஞ்சமில்லை.

மாரிச்சாமி அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. சட்டியை வைக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுவார். அங்கே மயில் இருக்கும், மகன் பெயரும் இருக்கும், கண்ணை மூடிக்கொள்ளுவார். பரிபூரணம் முன்னைப்போல வைவதில்லை. அவரும் குழம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு தடவை மட்டும் அவள் சட்டியை எடுத்துக்கொண்டே, "அன்னைக்கே இதுல போயிருக்கலாம்லா மாமா" என்றாள். மணல் மூட்டை சனிக்கிழமை சொன்னபடி வந்து, வாசலோரம் கிடக்கிறது.

சௌந்தரபாண்டியன் இன்றைக்கும் மேடைகளில் சொல்லுகிறார், கிராதி வைத்த பிறகு ஐயா அந்தப் பக்கமாக ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்று. அது உண்மைதான்.

மயில்மேல் ஈரத் துண்டு காயப் போடுகிறார்கள். சுவர்ப்பக்கம் காற்று வராததால் சீக்கிரம் காய்வதில்லை.