ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாராயணம்மா ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது, முனிசாமிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. மாங்காய் சீசனில் அக்கா ஊரைவிட்டு நகரவே மாட்டாள். தோட்ட வேலை தலைக்கு மேல் கிடக்கும். இந்த வருஷம் வந்திருக்கிறாள் என்றால் பாட்டு விவகாரம்தான், வேறென்ன!

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும். அங்கே மாந்தோட்டத்தில் காய் பறிக்கிற காலனி ஜனங்கள் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. குனிந்து கையேந்தினால் மேலிருந்து ஊற்றுவார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, காலனித் திருவிழாவில் மைக்கைப் பிடித்து முனிசாமி அதைப் பாட்டாகப் பாடினான். மறுநாள் விடிந்ததும் வீடு தேடி வந்து அடித்தார்கள். இனி ஊருக்குள் கால் வைத்தால் காலே இருக்காது என்று துரத்திவிட்டார்கள். பெற்ற தாய் செத்ததற்குக்கூட அவனால் போக முடியவில்லை. வீடியோ காலில்தான் பார்த்து அழுதான்.

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். லீவு நாளில் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடுவான். போன மாசியில் அந்தப் பழைய பாட்டோடு, 'இந்தத் தோட்டத்து மாங்காயை வாங்காதே' என்று ஓர் அடி சேர்த்து, தோட்டக்காரர் பெயரையும் போட்டு யூடியூபில் ஏற்றினான். அது போன் போனாகச் சுற்றியது. காய் வாங்குகிற ஜூஸ் பேக்டரிக்காரர்கள் பயந்துபோய் வாங்குவதை நிறுத்தினார்கள். முனிசாமிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சங்கத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

"எங்களை வேலைக்கிக் கூப்புடறதே இல்லடா," என்றாள் நாராயணம்மா, ஆட்டோவில். "அந்தப் பாட்டு இருக்கற வரைக்கும் காலனி ஆளு ஒருத்தரும் தோட்டத்துப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டான்."

"தெரியும்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கங்க, வழிக்கு வருவான்."

"அதில்லடா, நான் இன்னா சொல்ல வந்தன்னா..."

"மொதல்ல கூட்டத்துக்குப் போலாம். இன்னிக்கி நான் பாடணும். நீயும் வந்து கேளு."

இவன் எப்போதுமே இப்படித்தான். பாடத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியாது.

சங்க ஆபீஸ் மாடியில் பொற்கொடி பேசிக்கொண்டிருந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கலைக்குழுவை நடத்துகிறவள் அவள்தான். அன்றைக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேச்சு. அங்கே வெள்ளைக்காரர்கள் கறுப்பு ஜனங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடியிருப்பு என்று சட்டம் போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துப் பாடியவர்களும் எழுதியவர்களும் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. போன இடத்திலும் அவர்கள் வாய் ஓயவில்லை. அந்த நாட்டுச் சரக்கை வாங்காதீர்கள் என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். சீமைக் கடைகளில் அந்த ஊர்ப் பழத்தைக்கூடத் தொடாமல் ஜனங்கள் திரும்பிப் போனார்கள்.

"நம்ம முனிசாமி அண்ணனும் அப்படித்தான் தோழர்களே!" என்றாள் பொற்கொடி. எல்லாரும் கை தட்டினார்கள்.

முனிசாமிக்குப் பெருமையாகவும் இருந்தது, எங்கேயோ இடிக்கவும் செய்தது. பக்கத்தில் அக்கா கை தட்டவில்லை. அவன் எழுந்து கேட்டான்: "தோழர், பழம் விக்காம போச்சுன்னா தோட்டத்துல வேல செஞ்சவங்க இன்னா பண்ணாங்க?"

பொற்கொடி தாளைப் புரட்டினாள். "கஷ்டப்பட்டாங்கண்ணே. ஆனா, 'நாங்க எப்பவும் கஷ்டத்துலதான இருக்கோம், நீங்க நிறுத்தாதீங்க'ன்னு சொன்னதாப் படிச்சேன்."

"யாரும்மா சொன்னது?" என்றாள் நாராயணம்மா, உட்கார்ந்தபடியே. "தோட்டத்துல இருந்தவங்களா, சீமையில இருந்தவங்களா?"

பொற்கொடி தாளை மடித்து வைத்தாள். நல்ல பெண், மழுப்பவில்லை. "ரெண்டு பக்கமும் சொல்லியிருக்காங்கம்மா. வேண்டாம்னவங்களும் உண்டு. எத்தனை பேருன்னு எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகு முனிசாமி பாடினான் என்றா நினைக்கிறீர்கள்? முதல் அடியோடு மைக்கைக் கீழே வைத்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அக்காவோடு அறைக்கு வந்தான். வந்ததும் போனை எடுத்தான். அழித்துவிடலாம், அக்கா அதற்குத்தான் வந்திருக்கிறாள், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறாள். விரலைக் கொண்டுபோனபோது நாராயணம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"யாரைக் கேட்டு அழிக்கற?"

"நீ அதுக்குத்தானக்கா வந்த?"

"காலையிலேர்ந்து சொல்ல வரன், வாயத் தொறக்க வுட்டியாடா நீ? பாடறப்பவும் எங்களைக் கேக்கல. அழிக்கறப்பவும் கேக்கல!"

பிறகு சொன்னாள். கையில் ஊற்றுவது நின்றே நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது காலனிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு நீலக் கேன், கழிவறைச் சுவரோரம். மற்றவர்களுக்கு ஷெட்டுக்குள் பானை. "பேக்டரி ஆளு போன வாரம் வந்து பாத்தான். கையில எங்க ஊத்தறாங்கன்னு கேட்டான். கேன் இருக்குது, டம்ளர் இருக்குது. பாட்டே பொய்யின்னு எழுதிக்கினு போயிட்டான். தோட்டக்காரன் சிரிக்கறான்டா."

முனிசாமிக்கு முகம் எரிந்தது. "எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீ கேக்கலியே."

அழித்தால் பொய் என்று ஒத்துக்கொண்டதாகும். விட்டால் பொய் ஊர் சுற்றும். போய்ப் பார்த்து எழுதலாம் என்றால் கால் வைக்க முடியாது. "ஒண்ணும் புரியலக்கா," என்றான்.

"எனக்கு மட்டும் புரியுதா? காலனியில பாதிப்பேரு கேனைப் பத்திப் பாடச் சொல்றாங்க. எங்ககூட காய் பறிக்கற பாப்பம்மா ஒரு வேளைதான் ஒலை வெக்கறா. அவளாட்டம் பாதிப்பேரு அழிக்கச் சொல்றாங்க. ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு பஸ் ஏறிட்டன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "போனைப் புடி. நான் பாடறன்."

"மூஞ்சத் திருப்பிக்கக்கா. உன்னியும் தொரத்திடுவாங்க."

"மூஞ்சி தெரியலன்னா மறுக்கா பொய்யின்னுவான். புடிடா."

பாடினாள். நீலக் கேனை, கழிவறைச் சுவரை, டம்ளரில் ஒட்டிய பாசியை. மெட்டு முனிசாமியுடையது, சொல் ஒன்றுகூட அவனுடையதில்லை. முடிந்ததும் பழக்க தோஷத்தில் ஏற்றப் போனான். அவள் விடவில்லை.

"எனக்கு அனுப்பு. ஊர்ல எல்லாருக்கும் காட்டறன். பாப்பம்மா ஒத்துக்கணும். அதுவரைக்கும் நீ எதையும் தொடாத."

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். அவளை அடித்தார்களோ, துரத்தினார்களோ என்று மூன்று நாள் முனிசாமிக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது போன் வந்தது.

"போடறதாக்கா, அழிக்கறதா?"

"ரெண்டும் இல்லடா. பாப்பம்மாவும் பாடறன்னு நிக்கறா. உன்னைத் திட்டி ஒரு அடி வெச்சிருக்கா. நீ அங்க பாடிட்டு சோறு தின்ன, எங்க அடுப்பு அணைஞ்சிதுன்னு. அதையும் சேத்தாத்தான் ஒத்துக்குவாளாம்."

முனிசாமி தட்டைக் கீழே வைத்தான்.

"வெளிச்சம் மூஞ்சியில படற மாதிரி உக்கார வெய்யிக்கா," என்றான். "அவ பாடறது ஒண்ணுகூட வுட்டுப்போவக் கூடாது."