இரண்டும் இடது கொடுக்கு

என் கணவரின் நண்பர் தொயோஃபுகு ஒசாகாவிலிருந்து முதல் புல்லட் ரயிலைப் பிடித்து நண்டோடு வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் ஏற்கெனவே இருநூறு பேர் இருந்தார்கள். பிளாஸ்டிக்கில் அச்சடித்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பெரிய சிவப்பு ஓடுகளை அவர் எங்கள் மேசைமேல் வைத்தார். இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று. ஒவ்வொன்றும் விரித்த கை அளவு. முனையில் கொடுக்கு, ஓரத்தில் கால்கள், முதுகில் விசைப்பலகையின் விசைகள் எட்டிப் பார்க்க இருபத்தோரு சதுர ஓட்டைகள்.

"இந்தாங்க உங்க நண்டு. ரயில்ல பக்கத்து சீட்டு அம்மா, இதை எத்தனை நிமிஷம் வேகவைக்கணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" என்றார் என் கணவர் யசுஜி.

"இதுக்கு வெந்நி ஆகாதுங்க, யூஎஸ்பிதான் ஆகும்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஷின்-யொகொஹாமா வரைக்கும் என்கிட்ட பேசவே இல்ல."

யசுஜி சிரித்தார். அவருடைய சிரிப்பில் வாயின் வலது ஓரம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். பதினைந்து மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் விட்டுப்போனது அது. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் திரும்பி வந்துவிட்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் வரவில்லை.

டோக்கியோவின் அசகுசாபாஷியில் வருடத்துக்கு ஒரு நாள் நடக்கும் கூட்டம் அது. கடையில் விற்கும் விசைப்பலகையை யாரும் அங்கே கொண்டு வருவதில்லை. எங்களுக்கு எதிர் மேசையில் ஒருவர் மீன்பிடி வலையின் கண்ணாடி மிதவையை உருட்டித் திரையில் அம்புக்குறியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கத்து மேசையில் அரிசிமாவு உருண்டை போலவே மெத்தென்று ஒரு மவுஸ். மாவு தூவியிருந்ததால் தொட்டவர்கள் எல்லாரும் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு விசையை மட்டும் வைத்துக்கொண்டு, அழுத்தும் நேரத்தைக் கணக்குப் பண்ணியே முழுக் கடிதம் எழுதும் ஆள் ஒருவர். மணிக்கட்டு சாய்க்க உண்மையான ரொட்டியை மெழுகில் தோய்த்துக் கொண்டுவந்த பெண் ஒருத்தி. இவர்கள் யாருக்கும் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. கழுத்து அட்டையில் புனைபெயர்தான். என் கணவர் 'பக்கநடை'. பிறந்த ஊர் நண்டுக்குப் பேர்போன கசுமி.

மதியம் ஒரு மணிக்குப் புதுப் பலகைகள் ஒவ்வொன்றாக மேடைக்குப் போகும். செய்தவர் மூன்று நிமிடத்தில் தன்னைப் பற்றி அந்தப் பலகையிலேயே தட்ட வேண்டும். தட்டுவது அப்படியே பெரிய திரையில் விழும். தட்ட முடியாத பலகைக்கு 'காட்சிக்கு மட்டும்' என்று ஓர் அட்டை உண்டு. அதை வைப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை, பாதிப் பேர் வைப்பார்கள். யசுஜி மட்டும் பதினோரு கூட்டத்தில் ஒரு முறைகூட வைத்ததில்லை. பன்னிரண்டாவதுக்கு, போன வருடம், அவர் வரவே இல்லை. மருத்துவமனையில் கிடந்தார்.

அன்று காலை ரயிலில் அவர் என்னிடம் சொன்னார், "இன்னிக்கு இது ஓடலேன்னா என் கருவிப் பெட்டிய தொயோஃபுகு எடுத்துட்டுப் போகட்டும். சொல்லிட்டேன் அவன்கிட்ட."

"அவர் என்ன சொன்னாரு?"

"போனை வெச்சுட்டான்."

அதனால் அந்த நண்டு எங்களுக்கு விளையாட்டுப் பொருள் இல்லை. ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் தட்டும்போது பெரும்பாலும் ஒரு மெய், ஒரு உயிர் என்று மாறி மாறித்தான் வரும். அதை வைத்து அவர் திட்டம் போட்டிருந்தார். மெய்யெழுத்து எல்லாம் நல்ல கையான இடது பாதியில். உயிரெழுத்து ஐந்தும் வலது பாதியில், பிழைத்து வந்த மூன்று விரல்கள் எங்கே போகுமோ அங்கே. அந்த இடங்களைக் காகிதத்தில் குறித்துக் குறித்து நான்கு மாதம் அளந்தார். விசைக்கு இருப்பதிலேயே மெல்லிய சுருள்கம்பி வாங்கினார்.

ஓட்டுக்குள் போகும் மின்சுற்றுப் போர்டுகளில் ஈயம் வைத்தது நான். நகராட்சி நூலகத்தில் முப்பது வருடம் புத்தக அட்டைகள் தட்டியவள். சால்டரிங் இரும்பை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "புகைய மோந்து பாக்காத, ஈயத்தப் பாரு," என்பார். நான், "உங்க மூச்சுதான் ஈயத்த நகத்துது, தள்ளி உக்காருங்க," என்பேன். மூன்று வாரம் ஆயிற்று. முடித்த பிறகு விசைகள் குத்தப்போகும் ஒவ்வொரு சாக்கெட்டையும் இடுக்கியால் தொட்டுப் பார்த்தோம். தொட்ட இடமெல்லாம் திரையில் எழுத்து வந்தது. நாற்பத்திரண்டும் வந்தன. அன்று அவர் எனக்கு விலாங்கு மீன் சோறு வாங்கிக் கொடுத்தார்.

மண்டபத்தில், பதினொன்றே முக்கால் மணிக்கு, இடப் போர்டை இடது ஓட்டில் வைத்து விசைகளைக் குத்தினோம். கச்சிதம். வலப் போர்டை வலது ஓட்டில் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பினேன். உட்கார்ந்தது, ஆனால் சாக்கெட்டுகள் மேலே பார்த்தன, விசை குத்த வேண்டிய பக்கம் கீழே போயிருந்தது.

தொயோஃபுகு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இட்சுகோ-சான்," என்றார் என்னிடம் மெதுவாக, "ரெண்டு போர்டையும் ஒரே பக்கமா வெச்சு ஈயம் வெச்சுட்டீங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இரண்டு பாதிக்கும் ஒரே அச்சுப் போர்டுதான். இடதுக்கு ஒரு முகத்தில் ஈயம் வைக்க வேண்டும், வலதுக்கு அதைக் கவிழ்த்து மறு முகத்தில். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை விழும் குழி அது. நான் கவிழ்க்கவில்லை. இடது ஒன்று, இன்னொரு இடது ஒன்று என்று மூன்று வாரம் அழகாகச் செய்து வைத்திருந்தேன். இடுக்கிக்கு எந்த முகம் என்று தெரியுமா என்ன?

"கழட்டி மாத்திடலாம்," என்றேன். "அகிஹபாராவுல மணிக்கணக்குக்கு வேலை மேசை தர்ற கடை இருக்கே. ஒரு ஸ்டேஷன்தானே. நான் ஓடுறேன்."

"இருபத்தோரு சாக்கெட்டு," என்றார் யசுஜி. "கழட்டவே உனக்கு நாலு மணி நேரம் ஆகும்."

"இங்கயே பண்றேன்."

"மண்டபத்துல சூடு வைக்கக் கூடாது. ரூலு."

"எழுத்த மாத்தி அமைச்சா?" என்றார் தொயோஃபுகு.

"கீயோட பேர மாத்தலாம். எடத்த எப்படி மாத்துறது? என் விரல் போற எடத்துல கீயே இல்ல. எல்லாம் போகாத விரலுக்குக் கீழ இருக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல விடு," என்றார். மேசையின் இழுப்பறையைத் திறந்து 'காட்சிக்கு மட்டும்' அட்டையை எடுத்தார். பிறகு, காலடியில் இருந்த கருவிப் பெட்டியைத் தொயோஃபுகு பக்கம் காலால் நகர்த்தினார்.

"அதை நகத்தாதீங்க," என்றேன். நூலகத்தில் முப்பது வருடம் தாழ்ந்த குரலில் பேசியவள் நான். கண்ணாடி மிதவைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தொயோஃபுகு பையைக் குடைந்தார். "இன்னொரு ஓடு இருக்கு. மொதல்ல அடிச்சது. ஒரு காலு கோணிப் போச்சு, கிண்டல் பண்ணலாம்னு கொண்டு வந்தேன். இடது ஓடு." அதை வெளியே எடுத்து என் இரண்டாவது இடப் போர்டின் மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு இடது கொடுக்குகள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. யசுஜி அதைப் பார்த்துவிட்டு மூக்கால் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"குறைஞ்சபட்சம் என் ஈயம் பிடிச்சிருக்கான்னாவது பாக்குறேன்," என்று அவருக்கு வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இடது ஓட்டில் எந்தக் கை உட்காரும்? இடது கைதான். என் இடது கையை வைத்தேன். கட்டைவிரலுக்கு அ. பிறகு இ, உ, எ, ஒ. ஐந்தும் வந்தன. மறுபடி அ-வைத் தட்டினேன்.

திரையில் 'க' வந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவருடைய இடது கை தன் பாதியின் மேல் சும்மா கிடந்தது. பழக்கத்தில் ஒரு விரல் 'க்' மேல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அவரும் திரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ," என்றார்.

'ன்' தட்டினார். நான் இ போட்டேன். 'கனி' என்று நின்றது திரையில். எங்கள் மொழியில் நண்டு.

"ஐயோ!" என்று தொயோஃபுகு துள்ளியதில் தேநீர் கவிழ்ந்தது. நண்டை நான் தூக்கிக்கொண்டேன்.

"மணி என்ன?"

"பன்னெண்டு பத்து. நம்ம நம்பர் மூணு. ஒண்ணு பத்துக்குள்ள கூப்பிடுவாங்க!"

தட்டிப் பழக மாடிப்படிக்குப் போனோம். நானும் அவரும் ஒரே படியில், நண்டு மடியில், தொயோஃபுகு கணினியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு படி கீழே. அந்த ஐம்பது நிமிடத்தில் நாங்கள் போட்ட சண்டையை நாற்பது வருடக் கல்யாணத்தில் போட்டதில்லை.

"நீ முந்துற."

"நீங்க பிந்துறீங்க."

"மெய் வந்தப்புறம்தான் உயிரு. நான் தட்டறதுக்கு முன்னாடியே போட்டா எப்படி?"

"அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும்ல!"

"தெரிஞ்சாலும் காத்திரு."

"சோத்துக்கும் இவருக்குத்தான் காத்திருக்கணும், எழுத்துக்கும் இவருக்குத்தான்."

தொயோஃபுகு சிரித்துச் சிரித்து கணினியைக் கீழே போடப் பார்த்தார். மேலே போகிறவர்கள் எங்களைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு வரி பிழையில்லாமல் வந்தது. அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"மூணாம் நம்பர், பக்கநடை-சான்," என்று ஒலிபெருக்கியில் நித்தா-சான் அழைத்தார். கூட்டத்தை நடத்துகிறவர் அவர். "ஒருத்தர்தானே பதிவு பண்ணியிருக்கீங்க? ரெண்டு நாற்காலி எதுக்கு?"

"நண்டுக்கு ரெண்டு இடக்கை இருக்கு," என்றார் யசுஜி. "என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

மண்டபம் சிரித்தது. பிறகு நண்டைப் பார்த்தது. இரண்டும் இடது கொடுக்கு என்று முன்வரிசையில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்; "கவிழ்க்கலையா!" என்று ஒரு குரல். அந்தக் குழியில் விழுந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நிறையப் பேர் விழுந்திருந்தார்கள்.

மணி அடித்தது. நாங்கள் ஏற்பாடு செய்திருந்த வரிகள் இவைதான்: 'நான் பக்கநடை. போன வருடம் வரவில்லை. இந்த வருடம் நண்டு வந்திருக்கிறது. தொட்டுப் பாருங்கள். கடிக்காது.' முதல் வரியிலேயே நான் முந்தி ஓர் எழுத்தைக் கெடுத்தேன். அழிக்கும் விசை அவரிடம். அழித்து, என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். பிறகு பிடித்துக்கொண்டது. அவர் தட்ட, நான் தட்ட, அவர் தட்ட, நான் தட்ட. 'கடிக்காது' என்று முடித்தேன், கையை எடுத்தேன்.

அவர் எடுக்கவில்லை.

இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அவர் 'த்', 'ஸ்' என்று தட்டிவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். ஏற்பாட்டில் இல்லாத சொல். அடுத்து என்ன போடுவது? உ போட்டேன். உடனே 'ம்' விழுந்தது. அ போட்டேன். 'த்ஸுமா'. மனைவி.

அதற்குப் பிறகு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமலே, ஒவ்வொரு மெய்க்கும் பின்னால் ஓடினேன். சில இடத்தில் ஊகம். ஒரு இடத்தில் தப்பாகப் போட்டேன், கூட்டமே "இ! இ!" என்று கத்தியது. முந்நூறு பேர் எனக்கு உயிரெழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். மணி அடிக்க மூன்று நொடி இருக்கும்போது வரி முடிந்தது. அப்போதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். 'ஈயம் வைத்தது என் மனைவி. தப்பும் அவளுடையது, நண்டு ஓடுவதும் அவளால்தான்.'

"பொண்டாட்டியத் திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?" என்றார் நித்தா-சான் ஒலிபெருக்கியில்.

"பாதிப் பாதி," என்றார் இவர்.

அவர் போய் இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. மருத்துவமனை மாதங்களை எழுத உட்கார்ந்தால் எனக்குப் பேனா நகர்வதில்லை. இதை எழுதும்போது நகர்கிறது.

அன்று மேசைக்குத் திரும்பினால் அங்கே வரிசை நின்றது. ஒருவர் தனியாக வந்தால் தட்ட முடியாது, அதனால் முன்பின் தெரியாதவர்கள் ஜோடி சேர்ந்தார்கள். மாவு உருண்டைக்காரரும் மெழுகு ரொட்டிப் பெண்ணும் முதல் ஜோடி. யசுஜி எழுந்து நின்று, சொன்னபடி கேட்காத கையைப் பையில் விட்டுக்கொண்டு, எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார்: "உயிரு, அவசரப்படாத! மெய்யி, நீ என்ன தூங்குறியா?" அந்தக் குரலைக் கேட்டு இரண்டாவது வரிசை உண்டாயிற்று. தொயோஃபுகு, "அடுத்த வருஷம் நாலு பேர் தட்டுற மாதிரி ஆக்டோபஸ் பண்ணலாமா, பக்கநடை-சான்?" என்றார். "எட்டுப் போர்டு. இப்பவே வரைஞ்சு அனுப்பு," என்று இவர் சொல்வது என் காதில் விழுந்தது.

"அம்மா, எ வரலங்க!" என்றாள் ரொட்டிப் பெண்.

நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அந்த ஒரு சாக்கெட்டில் என் ஈயம் விட்டிருந்தது. சூடு வைக்கவோ கூடாது. ஓட்டின் அடித் திறப்பு மேசை விளிம்புக்கு வெளியே வரும்படி நண்டை நகர்த்தி, கீழிருந்து ஆள்காட்டி விரலால் அதை மேலே தாங்கிப் பிடித்தேன்.

"இப்போ?"

"வருது! வருது!"

"எடுத்துடாத இட்சுகோ," என்றார் மேலேயிருந்து என் கணவர். "இன்னும் முப்பது பேரு நிக்கிறாங்க."